உள்ள போன வழி வெளிய வர்ற வழி இல்ல: கோஸ்கேர் குகை விபத்து, 1991

மத்தியதரைக் கடல்ல டைவ் பண்றவங்க யார்கிட்ட கேட்டாலும் ஒரு இடத்தைப் பத்தி சொல்லுவாங்க, பிரான்ஸ்ல மார்செய்ல இருந்து கஸ்ஸி வரைக்கும் நீளுற கலாங்க் கரை. வெள்ளை சுண்ணாம்புப் பாறை மலை அப்படியே செங்குத்தா கடலுக்குள்ள இறங்கும், தண்ணிக்கு மேல எப்படி நிக்குதோ அப்படியே தண்ணிக்கு அடியிலயும் சுவரா இறங்கிப் போகும், சில இடத்துல நாப்பது மீட்டர் வரைக்கும் கூட. அந்தச் சுவர் முழுக்க ஓட்டை, பிளவு, குகை. அதுல மோர்ஜியூ முனைக்குக் கீழ, 37 மீட்டர் ஆழத்துல இருக்கற ஒரு ஓட்டையைப் பத்தித்தான் இந்த முழு எழுத்தும். 1991 செப்டம்பர் 1ஆம் தேதி க்ரெனோபிள் பக்கத்துல இருந்து வந்த மூணு டைவர்கள் அதுக்குள்ள போய் திரும்பி வரவே இல்ல.

இந்த விபத்தைப் பத்தி பேசுறப்போ பெரும்பாலும் ரெண்டே வரியில முடிச்சிடுவாங்க, சேறு கிளம்பிச்சு வழி தெரியல செத்துட்டாங்க அப்படின்னு. அது உண்மைதான். ஆனா அதோட நிறுத்திட்டா அடுத்த ஆள் அதே தப்பைத்தான் பண்ணுவான், ஏன்னா அவன் மனசுல “நான் சேறு கிளப்ப மாட்டேன்”னு ஒரு நம்பிக்கை இருக்கும். சேறு கிளம்பினது இந்தக் கதையில கடைசிப் பகுதி. அதுக்கு முன்னாடி அந்தக் குகையோட வடிவம் இருக்கு, டேங்க்ல இருக்கற காத்தோட கணக்கு இருக்கு, யார் முன்னாடி போறா யார் பின்னாடி வர்றாங்கற வரிசை இருக்கு. இதெல்லாத்தையும் வரிசையா பாத்தா தான் அந்த இடம் ஏன் ஆளை வெளிய விடாதுன்னு புரியும், எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது.

முதல்ல அந்த ஓட்டை அங்க எப்படி வந்துச்சு. கடல் தோண்டின குகை இல்ல இது. சுண்ணாம்புப் பாறைக்குள்ள மழைத்தண்ணி இறங்கி இறங்கி கரைச்ச குகை, அதாவது தரைக் குகை. சுமார் இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பனியுகம் உச்சத்துல இருந்தப்போ கடல் மட்டம் இப்ப இருக்கறதை விட 120 மீட்டர் போலக் கீழ இருந்துச்சு, கடற்கரை பல கிலோமீட்டர் தள்ளி இருந்துச்சு, இப்ப நாம டேங்க் மாட்டிட்டு இறங்கற அந்தச் சுவர் அன்னைக்கு ஒரு சமவெளியைப் பாத்து நின்ன மலைச்சரிவு. அந்தச் சரிவுல இருந்த ஒரு சாதாரண குகை வாசல்தான் இது, ஆளுங்க நடந்தே உள்ள போனாங்க. பிறகு பனி உருகி கடல் ஏறி வாசலை மூடிடுச்சு.

அதனால உள்ளமைப்பு எப்படின்னா, வாசல் 37 மீட்டர் ஆழத்துல, அங்கேருந்து சுமார் 175 மீட்டர் நீளத்துக்கு ஒரு இடுக்குச் சுரங்கம், அது உள்ள போகப் போக மேல ஏறுது, கடைசில ஒரு பெரிய அறைல போய் முடியுது. அந்த அறையோட மேல் பகுதி இன்னைக்கும் தண்ணிக்கு மேல இருக்கு, காத்து இருக்கு. கடல் மட்டத்துக்கு மேல தலையைத் தூக்கி மூச்சு விடலாம், பாறை மேல ஏறி உக்காரலாம். ஆனா வெளிய போக வேற வழி கிடையாது. சுத்தியும் மலை.

ஆன்ரி கோஸ்கேர் கஸ்ஸில டைவிங் தொழில் பண்ணிட்டு இருந்தவர். 1985ல அவர் இந்த வாசலைக் கண்டுபிடிச்சார். ஒரே மூச்சுல கடைசி வரை போயிடல, பல தடவையா கொஞ்சம் கொஞ்சமா உள்ள போய்த்தான் அந்த அறையை அடைஞ்சார். 1991 கோடையில அவரும் கூடப் போனவங்களும் சுவர்ல ஒரு கையோட அச்சைப் பாத்தாங்க. கையை சுவர்ல வச்சு அதைச் சுத்தி நிறத்தை ஊதினா கை இருந்த இடம் மட்டும் வெறுமையா நிக்கும் இல்லையா, அந்த மாதிரி அச்சு. அப்புறம் டார்ச்சைத் திருப்பித் திருப்பி பாத்தா குதிரை, காட்டெருமை, கடல் நாய், இன்னைக்கு உலகத்துலயே இல்லாத பெரிய ஆக் பறவை எல்லாம். அந்தப் பறவை 1844ஓட அழிஞ்சே போச்சு.

அது வரைக்கும் அந்தக் குகை வெளி உலகத்துக்குத் தெரியாது. விபத்து நடந்தது செப்டம்பர் 1, கோஸ்கேர் தன்னோட கண்டுபிடிப்பை மார்செய் கடல்சார் அலுவலகத்துல முறைப்படி பதிவு பண்ணது செப்டம்பர் 3. ரெண்டு நாள் இடைவெளி. இந்த வரிசையை நான் பல தடவை யோசிச்சிருக்கேன். ஒரு குகையைப் பத்தி வாய்வழியா மட்டும் சேதி பரவுறப்போ, “அங்க ஒரு ஓட்டை இருக்கு, உள்ள பெரிய அறை இருக்கு” அப்படிங்கறது வேகமா பரவிடும். எவ்வளவு காத்து வேணும், எந்த இடத்துல சேறு கெட்டியா படிஞ்சிருக்கு, எங்க பக்கவாட்டுல வழி மாறும், இதெல்லாம் கூடவே பரவாது. வரைபடம் இருக்கற குகைக்கும் வதந்தியா மட்டும் இருக்கற குகைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இனி காத்துக் கணக்குக்கு வரேன், எனக்கு இந்த விபத்துல ரொம்ப உறைச்ச விஷயம் இதுதான். இது அந்த மூணு பேரோட கணக்கு இல்ல, ஒரு சராசரி டைவர் ஒரு சராசரி டேங்க்கோட அதே சுரங்கத்துக்குள்ள போனா என்ன ஆகும்னு நானே உக்காந்து போட்ட கணக்கு, சரிவு ஒரே சீரா ஏறுதுன்னு வச்சுக்கிட்டு போட்டது.

12 லிட்டர் டேங்க், 200 பார் (பார்ங்கறது அழுத்தத்தோட அளவு), அப்படின்னா 2400 லிட்டர் காத்து. நிதானமா இருக்கற டைவர் தண்ணிக்கு மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுவாரு. 37 மீட்டர்ல அழுத்தம் 4.7 பார், அதனால அதே மூச்சு அங்க நிமிஷத்துக்கு 94 லிட்டர் சாப்பிடும். சுவரோரமா கீழ இறங்க மூணு நிமிஷம், சுமார் 170 லிட்டர் போச்சு. சுரங்கம் 175 மீட்டர், நிமிஷத்துக்கு 12 மீட்டர் வேகத்துல நீந்தினா பதினஞ்சு நிமிஷம், சராசரி ஆழம் பதினெட்டரை மீட்டர், அப்ப 855 லிட்டர். அறைக்குள்ள தலையைத் தூக்குறப்போ டேங்க்ல மிச்சம் 1375. திரும்பி வர்றதுக்கு அதே 855. வாசல்ல இருந்து மேல ஏற நாலு நிமிஷம், 230. உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேற மேல மூணு மீட்டர்ல அஞ்சு நிமிஷம் நின்னு வந்தா 130. மொத்தம் 1215.

மிச்சம் 160 லிட்டர்.

ஒரு தப்பும் நடக்காம, ஒரு நொடியும் தயங்காம, போன வேகத்துலயே திரும்பி வந்தா மிஞ்சறது இவ்வளவுதான். இப்ப பதட்டத்தை இதுல சேருங்க. பயந்த ஆள் ரெண்டு மடங்கு மூச்சு விடுவான், நிமிஷத்துக்கு 40 லிட்டர்னு குறைச்சலாவே வச்சுக்கலாம். சுரங்கத்து நடுவுல தடுமாறினா அந்த 160 லிட்டர் ஒன்றரை நிமிஷத்துல காலி. வாசல் கிட்ட தடுமாறினா ஒரு நிமிஷம் கூட வராது. ஒரு முழு டேங்க்கை எடுத்துட்டுப் போய், எல்லாத்தையும் சரியா செஞ்சும், கையில இருக்கற உபரி ஒரு நிமிஷம். இதைக் கணக்குப் போட்டு முடிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கமே வரல.

சுவர் ஓரமா டைவ் பண்றப்போ இந்த மாதிரி ஆகாது, ஏன்னா அங்க எல்லாம் நமக்கு சாதகமா இருக்கும். ஆழமான பகுதியை முதல்லயே முடிச்சிட்டு மெதுவா மேல வருவோம், டேங்க்ல காத்து குறையக் குறைய அழுத்தமும் குறையுது, ஒரு மூச்சுக்கு செலவாகற காத்தும் குறையுது, கடைசில அஞ்சு மீட்டர்ல நின்னு மீன் பாத்துட்டு இருக்கறப்போ அம்பது பார் கூட ரொம்ப நேரம் வரும். டைவிங் கத்துக்கிட்ட எல்லாருக்கும் உடம்புலயே பதிஞ்சு போன பழக்கம் இது. இந்தக் குகை அதை அப்படியே தலைகீழாக்குது. உள்ள போகப் போக ஆழம் குறையுது, காத்து நிதானமா செலவாகுது, மனசு லேசாகுது, அறைல தலையைத் தூக்கினதும் மேல வந்துட்ட மாதிரியே இருக்கும். ஆனா வெளிய போகணும்னா மறுபடி 37 மீட்டருக்கு இறங்கணும், டேங்க் கிட்டத்தட்ட பாதி காலியான பிறகு. ரொம்ப விலை அதிகமான மூச்சு கையில காசு ரொம்பக் கம்மியா இருக்கற நேரத்துல வருது. அதோட முப்பது மீட்டருக்குக் கீழ நைட்ரஜன் மயக்கம் வேற மெல்லத் தலைக்கு ஏறும், தெளிவா யோசிக்க வேண்டிய அதே இடத்துல யோசனை மந்தமாகும்.

குகை டைவிங்ல மூணுல ஒரு பங்கு விதின்னு ஒண்ணு உண்டு. ஒரு பங்கு உள்ள போக, ஒரு பங்கு வெளிய வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. அமெரிக்காவுல ஷெக் எக்ஸ்லிங்கற குகை டைவர், நடந்த குகை விபத்துகளை ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாத்து 1979லயே எழுதி வச்சார், செத்தவங்க திரும்பத் திரும்ப செஞ்ச தப்புகள்: வெளிய திறந்த தண்ணி வரைக்கும் அறுந்து போகாத ஒரு கயிறு இல்லாதது, திரும்பி வர காத்து ஒதுக்காதது, சாதாரணக் காத்தோட ரொம்ப ஆழம் போனது. மேல போட்ட கணக்குல இந்த விதியை வச்சுப் பாருங்க. 2400ல ஒரு பங்கு 800. சுவர்ல இறங்கவே 170 போயிடுச்சு, மிச்சம் 630, அதுல ஆரம்ப மீட்டர்கள்தான் ரொம்ப ஆழமானது அதனால ரொம்ப செலவானது, சுரங்கத்துல நூறு மீட்டர் தாண்டின உடனே திரும்பணும். அறையையே பாக்க முடியாது. அதாவது ஒரு டேங்க்கோட அந்த அறைக்குப் போறதுங்கறது விதிப்படி நடக்கவே முடியாத விஷயம். ரெட்டை டேங்க் வேணும், டேங்க் காத்தை வாய்க்குக் கொடுக்கற ரெகுலேட்டர் ரெண்டு வேணும், மூணு விளக்கு வேணும், ரீல்ல இருந்து விட்டுக்கிட்டே போற கயிறு வேணும், அதுக்கெல்லாம் பழக்கமும் வேணும்.

இப்ப சேறு.

இதை நான் எழுத்துல படிச்சு மட்டும் தெரிஞ்சுக்கல. சில வருஷத்துக்கு முன்னாடி மார்செய் பக்கம் ரியூ தீவுச் சுவர்ல ஒரு டைவ். இருபத்தி நாலு மீட்டர். சுவர் முழுக்க கோர்கோனியன், விசிறி மாதிரி விரிஞ்சு நிக்கிற கடல் உயிர், டார்ச் இல்லாம பாத்தா கருநீலம், டார்ச் அடிச்சா சட்டுன்னு கருஞ்சிவப்பு. ஒரு பாறை முன்னாடி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு அடியில ஒரு குழிவு, ஆள் நீளத்தை விடக் கொஞ்சம் அதிகம் உள்ள போகும், அவ்வளவுதான். அதோட கூரையில செம்பவளம், நகையில வைக்கிற அதே பவளம், விரல் நீளத்துக்குத் தலைகீழா தொங்கிட்டு ஒவ்வொரு கிளையிலயும் வெள்ளைப் பூ மாதிரி வாயைத் திறந்து வச்சிருந்துச்சு. இன்னும் கிட்ட பாக்கணும்னு தலையை உள்ள விட்டேன், பிறகு இடுப்பு வரைக்கும், பிறகு மொத்தமா. மூஞ்சி பவளத்துக்கு ஒரு சாண் தூரத்துல. அந்த நேரத்துல என் கால் எங்க இருக்குன்னு நான் நினைக்கவே இல்ல. மேல பாக்கறதுக்காக உடம்பை நிமிர்த்தினதுல கால் தாழ்ந்து ஃபின், அதாவது கால்ல மாட்டற துடுப்பு, தரையில பட்டிருக்கு.

திரும்பினேன். வாசல் இல்ல.

ஒரு நிமிஷம் முன்னாடி வரை என் முதுகுக்குப் பின்னாடி நீலமா பெரிய ஜன்னல் மாதிரி இருந்துச்சு. இப்ப பழுப்பு. டார்ச் அடிச்சா பனிமூட்டத்துல கார் ஹெட்லைட் அடிச்ச மாதிரி வெளிச்சம் திருப்பி என் கண்ணுலயே அடிக்குது, நீட்டின கையில விரல் தெரியல. போதாததுக்கு நான் விட்ட மூச்சுக் குமிழி கூரையில போய் மோதி அங்க ஒட்டிட்டிருந்த தூசி எல்லாம் மேலேருந்து உதிருது. கீழயும் சேறு மேலயும் சேறு. எந்தப் பக்கம் சுவர் எந்தப் பக்கம் கடல்னு தெரியல, என் மூச்சுச் சத்தம் மட்டும் காதுல வேகமா கேக்குது. எங்க வாத்தியார் வெளியில நின்னவர் என் கணுக்காலைப் பிடிச்சு மெதுவா பின்னால இழுத்தார். மேல வந்ததும் அவர் திட்டல, “நீ உள்ள இருந்தது நாப்பது செகண்ட், உன் காத்து மீட்டரைப் பாரு” அப்படின்னு மட்டும் சொன்னார். பன்னெண்டு பார் காணாமப் போயிருந்துச்சு.

ரெண்டு மீட்டர் குழிவுக்கே அப்படி. 175 மீட்டர் சுரங்கத்துல என்ன ஆகும்? அந்தச் சேறு மணல் மாதிரி உடனே கீழ இறங்காது. குகைக்குள்ள அலை இல்ல, நீரோட்டம் இல்ல, ஆயிரக்கணக்கான வருஷமா மாவு மாதிரி நைசா படிஞ்ச களிமண், ஒரு தடவை கிளம்பினா மணிக்கணக்குல தொங்கிட்டே நிக்கும். நிமிஷக் கணக்குல காத்து வச்சிருக்கறவன் மணிக்கணக்குல காத்திருக்க முடியாது.

உள்ள போறப்போ இது தெரியாது, அதுதான் இதுல ரொம்ப மோசமான விஷயம். முன்னால நீந்துற ஆளுக்கு எதிர்ல எப்பவும் கண்ணாடி மாதிரி சுத்தமான தண்ணி. அவர் கிளப்பின சேறு அவருக்குப் பின்னாடி. ரெண்டாவது ஆளுக்குக் கொஞ்சம் கலங்கல், மூணாவது ஆளுக்கு முன்னாடி போறவரோட ஃபின் மட்டும்தான் தெரியும். இடுக்கான சுரங்கத்துல திரும்பறப்போ வரிசை மாத்த இடம் இருக்காது, எல்லாரும் நின்ன இடத்துலயே திரும்புவாங்க, அப்படின்னா கடைசியா வந்தவர் இப்ப வழிகாட்டி. உள்ள வர்றப்போ வழியை ரொம்பக் குறைச்சலா பாத்த அதே ஆள், ஏற்கனவே மூணு பேர் கலக்கி வச்ச தண்ணியில முதல்ல போகணும். நல்லா வழி பாத்து வச்ச ஆள் பின்னால மாட்டிக்கிட்டு இருப்பார், அவரால முன்னாடி போய் சொல்லவும் முடியாது, தண்ணிக்குள்ள பேசவும் முடியாது.

அதனாலதான் கயிறு. கயிறு இருந்தா யார் முன்னாடி யார் பின்னாடிங்கறது முக்கியமே இல்ல, கண்ணு வேணாம், ஞாபகம் வேணாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து வட்டமாக்கி கயிறு அதுக்குள்ள ஓடற மாதிரி பிடிச்சிட்டு, இன்னொரு கையால முன்னாடி போறவர் கையையோ காலையோ பிடிச்சிட்டு, அந்தத் தொடுகையிலயே போ, நில்லுன்னு சொல்லிக்கலாம். முகமூடியில கருப்புத் துணி ஒட்டிட்டு இதைப் பழகினேன் அந்தச் சம்பவத்துக்கு அப்புறம். முதல் நாள் இருபது மீட்டர் கயித்தைக் கடக்க எனக்கு ஏழு நிமிஷம் ஆச்சு, வழியில ஒரு கல்லுல கயிறு சுத்தியிருந்த இடத்துல கை நின்னு போச்சு, கயிறு முடிஞ்சிடுச்சுன்னே நினைச்சுட்டேன். வெளிச்சமான தண்ணியில, அஞ்சு மீட்டர்ல, பக்கத்துலயே ஆள் நிக்கறப்போ.

உள்ள காத்து இருக்கற அறை இருக்கே, அங்க போய் உக்காந்துக்கலாமேன்னு சிலர் கேக்கறாங்க. நியாயமான கேள்விதான், அப்படி ஒருத்தர் பிழைச்சதும் இருக்கு. 2017 ஏப்ரல்ல மயோர்கா தீவுல சா பிக்கேட்டா குகையில சிஸ்கோ கிராசியாங்கற நிலவியல் (ஜியாலஜி) ஆசிரியர் இதே மாதிரி மாட்டினார். அனுபவசாலி, குகைகளை வரைபடம் போடறவர், அவங்ககிட்ட கயிறு இருந்துச்சு, ஆனா திரும்பறப்போ அந்தக் கயிறு அறுந்து போயிருந்துச்சு. அதைத் தேடறதுலயே ரொம்பக் காத்து போயிடுச்சு, சேறும் கிளம்பிடுச்சு. மிஞ்சின காத்து ரெண்டு பேருக்குப் போதாது. கூட இருந்தவரை அனுப்பிட்டு இவர் காத்து இருக்கற ஒரு அறையில கிட்டத்தட்ட அறுபது மணி நேரம் இருட்டுல உக்காந்திருந்தார். மூச்சு விட விட அறையில கார்பன் டை ஆக்ஸைடு ஏறிக்கிட்டே போச்சு, தலைவலி, தூக்கம் வராம மாயத் தோற்றம் எல்லாம் வந்துச்சு, அறைத் தண்ணியோட மேல் பகுதி குடிக்கிற மாதிரி இருந்ததால அதைக் குடிச்சு உயிர் பிடிச்சிருந்தார். மேலேருந்து துளை போட்டு சாப்பாடு தண்ணி அனுப்பப் பாத்தாங்க, நடக்கல. கடைசில டைவர்கள் சேறு அடங்கக் காத்திருந்துதான் அவரைக் கொண்டு வந்தாங்க.

ஆனா அதுல ஒண்ணைக் கவனிக்கணும். அவர் அறைக்குள்ள இருந்தது தற்செயல் இல்ல, அந்த அறை எங்க இருக்குன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும். அவர் உள்ள இருக்கார்னு, வெளிய போனவர் மூலமா ஆட்களுக்கும் தெரியும். மோர்ஜியூ சுரங்கத்துக்குள்ள கலங்கின தண்ணியில இருக்கறவனுக்கு அறை எந்தப் பக்கம் கடல் எந்தப் பக்கம்னு தெரிஞ்சாத்தானே அறைக்குப் போறது? ஆழ மீட்டர் ஒண்ணு மட்டும் உதவும், சுரங்கம் உள்ள போகப் போக ஏறுதுங்கறதால எண் கூடினா கடல் பக்கம், குறைஞ்சா அறைப் பக்கம். இதை வீட்டுல உக்காந்து டீ குடிச்சிட்டே சொல்றது சுலபம். பயத்துல இருக்கறவன் ஆழம் கூடற பக்கமா போறதை உடம்பே ஒத்துக்காது, மேல போகணும்னு தான் துடிக்கும், வாசல் கீழ இருக்குங்கறதை மூளை ஏத்துக்கிட்டாலும் கால் ஏத்துக்காது. இந்தக் குகையில மேல போறதுன்னா மலைக்குள்ள போறது.

தகுதியைப் பத்தியும் ஒரு வார்த்தை. பிரான்ஸ்ல டைவிங் பயிற்சி ரொம்பக் கடுமையானது, அங்க மூணாவது நிலை முடிச்ச டைவர் அறுபது மீட்டர் வரைக்கும் கைடு இல்லாம போகலாம். அதனால 37 மீட்டருங்கறது அவங்க ஊருக்கு ஒரு பெரிய ஆழமே இல்ல. “எனக்கு அறுபதுக்கு அனுமதி இருக்கு, இது 37 தானே” அப்படிங்கற நினைப்பு யாருக்கும் இயல்பா வரும். ஆனா ஆழத்துக்கான பயிற்சி முழுக்க ஒரே ஒரு நம்பிக்கை மேல நிக்குது, எது நடந்தாலும் நேரா மேல போகலாம். தலைக்கு மேல பாறை வந்த அந்த நொடியில அந்த நம்பிக்கை மேல கட்டின எல்லாமே செல்லாது. இங்க ஆபத்தை அளக்க வேண்டியது மீட்டர் ஆழத்தால இல்ல, திறந்த தண்ணிக்கு எவ்வளவு தூரம்ங்கறதால. பொழுதுபோக்கு டைவர்களுக்கான குகைமுகப் பயிற்சில, வாசல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியணும், ஆழமும் உள்ள போற தூரமும் சேத்து மேல்மட்டத்துல இருந்து நாப்பது மீட்டருக்குள்ள இருக்கணும்னு சொல்லுவாங்க. மோர்ஜியூல வாசலைத் தொட்டாலே 37 முடிஞ்சிடுச்சு. அந்த அளவுகோல்படி பாத்தா மூணு மீட்டர் உள்ள எட்டிப் பாத்துட்டு திரும்பிடணும்.

விபத்துக்குப் பிறகு நடந்ததை சுருக்கமா சொல்லிடறேன். வாசலைப் பெரிய கல் போட்டு அடைச்சாங்க, பின்னாடி கம்பிக் கதவு வந்துச்சு. அதே செப்டம்பர் மாசமே ழான் கூர்தான்ங்கற தொல்லியலாளர், அவரே டைவரும் கூட, உள்ள போய் ஓவியங்களைப் பாத்தார். வெளியில சிலர் இது போலின்னாங்க, அந்தப் பகுதியில அது வரைக்கும் இப்படி ஒரு ஓவியக் குகை தெரிஞ்சதே இல்லையே. கரித்துண்டை எடுத்து ரேடியோகார்பன் கணக்கு பாத்ததுல கை அச்சுகள் சுமார் 27,000 வருஷம், மிருக ஓவியங்கள் பல சுமார் 19,000 வருஷம் முன்னாடின்னு வந்துச்சு, சந்தேகம் அடங்கிடுச்சு. 1992ல வரலாற்றுச் சின்னமா அறிவிச்சாங்க. இன்னைக்கு ஆய்வாளர்கள் மட்டும்தான் அனுமதியோட, தொழில்முறை டைவர்களோட உள்ள போறாங்க. குகையோட பெரும்பகுதி ஏற்கனவே தண்ணிக்குள்ள, அங்க ஏதாவது வரைஞ்சிருந்தா அது போனது போனதுதான். கடல் இன்னும் ஏறிட்டு இருக்கறதால குதிரைங்க இருக்கற பாறையோட அடிப்பகுதியைத் தண்ணி தொடுது. அதனால முழுக் குகையையும் லேசர் வச்சு முப்பரிமாணத்துல அளந்து பதிஞ்சிட்டு இருக்காங்க.

அந்த அளவை வச்சு மார்செய் துறைமுகத்துப் பக்கத்துல ஒரு நகல் குகை கட்டி 2022 ஜூன்ல திறந்தாங்க. நான் போய்ப் பாத்தேன். ஒரு லிஃப்ட் மாதிரி பெட்டியில நிக்க வச்சு கடலுக்குள்ள இறங்கற மாதிரி காட்டுவாங்க, பிறகு சின்ன வண்டியில உக்கார வச்சு ஓவியங்களைச் சுத்திக் காட்டுவாங்க. பெரிய ஆக் பறவைங்க இருக்கு, வயித்துப் பக்கம் கோடு பாய்ஞ்ச ஒரு மனுஷ உருவம் மல்லாந்து கிடக்கு, கை அச்சுகள் இருக்கு, அதுல சிலதுல விரல் பாதிதான் இருக்கு. என் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு தன் கையை காத்துல தூக்கி, விரலை மடக்கி மடக்கி அந்த அச்சோட அளவு பாத்துட்டே வந்தா.

அந்த ஓவியம் வரைஞ்சவங்களும் அதே 175 மீட்டர் வழியாத்தான் வந்தாங்க, தீப்பந்தம் பிடிச்சிட்டு, நடந்து. அவங்களுக்கும் இருட்டுதான், இடுக்குதான். அவங்க விட்டுட்டுப் போன கரித்துண்டுங்க இன்னும் தரையில கிடக்கு. நகல் குகையில அந்த வழி இல்ல, லிஃப்ட் கதவு திறந்தா நேரா அறை. வெளிய வந்து துறைமுகத்தோரம் உக்காந்து என் டைவ் நோட்டை எடுத்தேன், மறுநாள் ரியூ பக்கம் ரெண்டு டைவ் இருந்துச்சு, ரெண்டுலயும் குழிவு வர்ற இடம். ரெண்டு பக்கத்துலயும் மேல பெருசா எழுதினேன்: தலைக்கு மேல பாறைன்னா கயிறு இல்லாம உள்ள போகாத, 130 பார்ல திரும்பு.